ஒருஸ்ஸோ: தோண்டுவதற்கான பழைய கிரேக்கச் சொல்லைத் தோண்டிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு, கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் இருக்கும் கொம்பு மான், சூயஸ் கால்வாய், சுவரில் கன்னம் வைக்கும் திருடன். இந்த நான்குக்கும் ஒரே ஒரு கிரேக்க வினைச்சொல்லோடு ஏதோ ஒரு வகையில் சம்பந்தம் உண்டு. அந்தச் சொல் ‘ஒருஸ்ஸோ’. நேர்ப்பொருள் ‘தோண்டுகிறேன்’.

ஒரு பழைய மொழியின் சொல்லை எப்படி ஆராய்வது என்று படிப்படியாகக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமையும், நம் தமிழ் மேல் கொஞ்சம் கவனமும் இருந்தால் போதும். தமிழ் எதற்கு என்று கேட்கிறீர்களா? போகப் போகத் தெரியும்.

முதல் படி: சொல்லை வாயால் சொல்லிப் பாருங்கள்

இந்தச் சொல்லில் ஆறு எழுத்துகள்: ஒமைக்ரான், ரோ, உப்சிலான், சிக்மா, மறுபடி சிக்மா, கடைசியில் ஒமேகா. கொரோனா காலத்துச் செய்திகளில் அடிபட்ட அதே ஒமைக்ரான்தான். அந்தப் பெயருக்குச் ‘சின்ன ஒ’ என்று பொருள். ஒமேகா என்றால் ‘பெரிய ஓ’. ஒ, ஓ என்று குறிலும் நெடிலும் பிரித்து எழுதிப் பழகிய நமக்கு இதில் சிரமமே இல்லை. ஆங்கிலம் வழியாகக் கிரேக்கம் படிப்பவர்கள் இந்த இடத்திலேயே தடுமாறுவார்கள்.

நடுவில் வரும் உப்சிலான் மட்டும் தமிழில் இல்லாத ஒலி. உதட்டை ‘உ’ சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கை ‘இ’ சொல்வதுபோல வைத்தால் வரும். தமிழ் எழுத்தில் ‘ஒருஸ்ஸோ’ என்று எழுதுவது ஒரு சமரசம். ஏதென்ஸ்காரர்கள் இதையே ‘ஒருத்தோ’ என்றார்கள். ‘ஒருத்தன்’, ‘ஒருத்தி’க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். கிரேக்க அகராதிகளில் வினைச்சொல்லைத் தன்மை ஒருமை நிகழ்காலத்தில்தான் வைப்பார்கள். ‘தோண்டு’ என்ற இடத்தில் ‘தோண்டுகிறேன்’ என்று இருக்கும். அதனால் அகராதியில் ஓகாரத்தில் முடியும் வினைகளாகவே வரிசையாகக் கிடக்கும். பயப்பட வேண்டாம்.

இரண்டாவது படி: வேஷத்தைக் கலைத்து அடிச்சொல்லை எடுப்பது

பலர் வழுக்கி விழும் இடம் இது. ‘ஒருஸ்ஸோ’வில் தெரிகிற ‘ஸ்ஸ’ ஒரு வேஷம். மற்ற வடிவங்களைப் பக்கத்தில் வைத்தால் உடனே கலைந்துவிடும். ‘தோண்டுவேன்’ என்பது ஒருக்ஸோ. ‘தோண்டினேன்’ என்பது ஓருக்ஸ. இறந்தகாலத்துக்காக முதலெழுத்து ஒகரம் ஓகாரமாக நீண்டிருக்கிறது. ‘தோண்டியிருக்கிறேன்’ என்பது ஒரோருகா. ‘தோண்டப்பட்ட பள்ளம்’ ஒருக்மா. எல்லாவற்றிலும் ஒரு ககர ஒலி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நிகழ்காலத்தில் மட்டும் அதைக் காணோம்.

எங்கே போயிற்று? ககரத்துக்குப் பின்னால் ஒரு யகரம் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து உருகி, பெரும்பாலான கிரேக்க வழக்குகளில் ‘ஸ்ஸ’ ஆகவும், ஏதென்ஸில் ‘த்த’ ஆகவும் மாறிவிட்டன. இதைப் புரிந்துகொள்ள மொழியியல் புத்தகம் தேவையில்லை. ‘படித்தேன்’ என்று எழுதிவிட்டு ‘படிச்சேன்’ என்று பேசுகிறோமே, அதைக் கவனியுங்கள். முன்னால் இருக்கும் இகரம் தகரத்தைத் தன் பக்கம் இழுத்துச் சகரமாக்குகிறது. ‘அடித்து, அடிச்சு’, ‘வைத்தான், வச்சான்’. நம் பேச்சில் இகரமும் ஐகாரமும் செய்கிற வேலையைக் கிரேக்கத்தில் யகரம் செய்திருக்கிறது. நாம் த்த என்று எழுதி ச்ச என்று பேசுகிறோம். அவர்கள் ஊருக்கு ஊர் த்த என்றும் ஸ்ஸ என்றும் பிரிந்து நின்றார்கள்.

இதனால் நடைமுறையில் கிடைக்கும் பாடம்: இந்தச் சொல்லின் பிள்ளைகளைத் தேடும்போது ‘ஒருஸ்’ என்று தேடாதீர்கள். ‘ஒருக்’, ‘ஒரிக்’ என்று தேடுங்கள். உப்சிலான் பிற்காலத்தில் ‘இ’ ஆகிவிட்டதால் இன்றைய சொற்களில் பெரும்பாலும் ‘ஒரிக்’ என்றுதான் கேட்கும்.

மூன்றாவது படி: பொருளை அகராதியிடம் கேட்காமல் வாசகங்களிடம் கேட்பது

அகராதி வேண்டாம் என்று சொல்லவில்லை. லிடெல், ஸ்காட் இருவரும் தொகுத்து 1843இல் வெளிவந்த கிரேக்க-ஆங்கில அகராதிதான் இன்றும் முதல் துணை. ஜோன்ஸ் திருத்திய ஒன்பதாம் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெர்சியஸ் மின்நூலகத்திலும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகியானிலும் ஒரு சொல்லைத் தட்டினால் அகராதிப் பதிவு திறக்கும். அதில் பொருளுக்குப் பக்கத்தில் சுருக்கெழுத்தில் நூற்பெயரும் வரி எண்ணும் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணையும் திறந்து அந்த வரியைப் படிக்க வேண்டும். நம் ‘ஒருஸ்ஸோ’வுக்கு அப்படிச் செய்தால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

ஹோமரின் ஒடிசியில் இரண்டு இடங்கள். பதினொன்றாம் காண்டத்தில் ஒடிசியஸ் இறந்தவர்களின் ஆவிகளை அழைக்க வேண்டும். இடுப்பிலிருந்து வாளை உருவி, இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் என்று ஒரு குழி தோண்டுகிறான். தேன் கலந்த பால், மது, தண்ணீர் என்று வரிசையாக ஊற்றி, மேலே வாற்கோதுமை மாவைத் தூவுகிறான். பிறகு ஆடுகளை அறுத்து இரத்தம் குழிக்குள் ஓட, ஆவிகள் கூட்டமாக வந்து மொய்க்கின்றன. கடப்பாரை இல்லை, மண்வெட்டி இல்லை. வாளால் தோண்டிய குழி. அங்கே வரும் வினை இதுதான்.

பத்தாம் காண்டத்தில் இன்னொரு காட்சி. சூனியக்காரி கிர்க்கேயின் மருந்து பலிக்காமல் இருக்க, ஹெர்மெஸ் தெய்வம் ஒரு மூலிகையை மண்ணிலிருந்து பிடுங்கி ஒடிசியஸிடம் தருகிறது. வேர் கறுப்பு, பூ பால் நிறம். தெய்வங்கள் அதை ‘மோலி’ என்பார்களாம். மனிதர்களால் அதைத் தோண்டியெடுப்பது கஷ்டம் என்கிறார் ஹோமர். மறுபடியும் அதே வினை. ஆனால் கவனியுங்கள்: முதல் இடத்தில் தோண்டியதால் உண்டானது ஒரு குழி, இரண்டாவது இடத்தில் தோண்டினால் கைக்கு வருவது ஒரு செடி. குழி வெட்டுவது ஒன்று, வேரோடு பறிப்பது ஒன்று. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கிரேக்க நூல்களிலேயே இந்த இரண்டு முகமும் இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இவருக்கு மண் வேலை என்றால் தனி ஆசை போல. சாமோஸ் தீவில் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்த சுரங்கத்தை ‘ஒருக்மா’ என்றே எழுதுகிறார். கூடவே ‘அம்ஃபிஸ்தொமொன்’ என்று ஓர் அடைமொழி. இரண்டு வாய் உள்ளது என்று பொருள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில், மெகாரா ஊரைச் சேர்ந்த எவ்பாலினோஸ் என்ற பொறியாளரின் வேலை அது. நீளம் 1,036 மீட்டர். மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குடைந்துகொண்டு போய் நடுவில் சந்தித்தார்கள். சந்திப்பு தவறிவிடக் கூடாது என்பதற்காக நடுவில் வேண்டுமென்றே வளைத்துக் குடைந்த இடங்களை இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ‘இரண்டு வாய்’ என்ற ஒரே சொல்லில் அந்தப் பொறியியல் முழுவதையும் அடக்கிவிட்டார் மனிதர்.

இன்னொரு கதை நிடோஸ் நகரத்தார் பற்றியது. பாரசீகப் படை வருகிறது என்று தெரிந்ததும், தங்கள் நிலத்தைக் கரையோடு இணைக்கும் பூசந்தியை வெட்டி ஊரைத் தீவாக்கிவிட நினைத்தார்கள். அகலம் ஐந்து ஸ்டேடியம், அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாறை சிதறி வேலையாட்களுக்கு, அதிலும் கண்ணில், அளவுக்கு மீறிக் காயம்பட்டது. டெல்ஃபிக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டார்கள். வந்த பதில் ஏறக்குறைய இப்படி: ‘பூசந்தியில் மதில் எழுப்பாதீர், தோண்டாதீர்; தீவாக்க நினைத்திருந்தால் ஜீயஸே ஆக்கியிருப்பார்.’ வேலையை அப்படியே போட்டுவிட்டு, பாரசீகர் வந்ததும் சண்டையில்லாமல் சரணடைந்துவிட்டார்கள்.

நீதிமன்றப் பேச்சுகளில் சொல்லின் நிறம் மாறுகிறது. ஏதென்ஸில் மரண தண்டனைக் கைதிகளைத் தள்ளும் பள்ளத்துக்கும் ‘ஒருக்மா’ என்றே பெயர். ‘பள்ளத்தின் பொறுப்பாளர்’ என்றால் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவர். பெயரைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லி மிரட்டுகிற பேச்சு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது விளையாட்டு மைதானத்துப் பொருள். பங்கிராத்தியோன் என்றொரு பழைய கிரேக்கச் சண்டை. மல்யுத்தமும் குத்துச்சண்டையும் கலந்தது. கிட்டத்தட்ட எது வேண்டுமானாலும் செய்யலாம், இரண்டைத் தவிர: கடிக்கக் கூடாது, ‘தோண்ட’க் கூடாது. இங்கே தோண்டுவது என்றால் கண்ணிலும் மெல்லிய சதையிலும் விரலை விட்டு நோண்டுவது. ஸ்பார்ட்டாக்காரர்கள் இதையும் அனுமதித்தார்கள் என்று ஃபிலோஸ்ட்ரேட்டஸ் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதுகிறார். பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் கி.மு. 490-480ஐச் சேர்ந்த ஒரு மதுக்கிண்ணம் இருக்கிறது. அதில் ஒருவன் எதிராளியின் கண்ணுக்குள் விரலை நுழைக்கிறான். பின்னாலேயே நடுவர் பிரம்பை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். அகராதியில் ‘நோண்டு’ என்று ஒரு வரியில் முடிகிற பொருள், இந்தக் கிண்ணத்தைப் பார்த்த பிறகு லேசில் மறக்காது.

நான்காவது படி: முன்னால் ஒட்டும் துணுக்குகள்

கிரேக்க வினைகள் முன்னொட்டோடு அடிக்கடி வரும். நம் சொல்லுக்கு மூன்று முன்னொட்டுகளைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

‘தியா’ என்றால் ஊடே, குறுக்கே. நிலத்தை ஊடறுத்துத் தோண்டினால் கிடைப்பது ‘தியோருக்ஸ்’, கால்வாய். பாரசீக மன்னன் செர்க்ஸெஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுக்கும் முன் ஆதோஸ் மலையின் கழுத்தை வெட்டிக் கால்வாய் எடுத்தான். கி.மு. 492இல் அந்த முனையைச் சுற்றப் போய்ப் பாரசீகக் கப்பற்படை புயலில் நொறுங்கியிருந்தது, அந்தப் பயம். ஹெரோடோட்டஸ் அந்த வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்போல விவரிக்கிறார். அடியில் நிற்பவர்கள் வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணைப் படியில் நிற்பவர்களிடம் தருகிறார்கள், அவர்கள் அடுத்த படிக்கு. இப்படியே கைமாறி மேலே நிற்பவர்கள் அள்ளிக் கொட்டுகிறார்கள். மேலும் கீழும் ஒரே அகலத்தில் வெட்டியவர்களுக்குக் கரை சரிந்து சரிந்து வேலை இரட்டிப்பானது. ஃபினீசியர்கள் மட்டும் மேலே இரண்டு பங்கு அகலம் எடுத்து, இறங்க இறங்கக் குறுக்கிக்கொண்டே போனார்கள். அவர்கள் பங்கில் சரிவே இல்லை. நம் ஊரில் கிணறு வெட்டுபவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதே ‘தியா’ சுவரை ஊடறுத்தால் திருட்டு. பழைய கிரேக்க வீடுகளின் சுவர் பெரும்பாலும் பச்சைச் செங்கல். கதவைப் பெயர்ப்பதைவிடச் சுவரைக் குடைவது சுலபம். அதனால் வீட்டுத் திருடனுக்குப் பெயரே ‘தொய்க்கோரூகோஸ்’, சுவர்தோண்டி. அரிஸ்டோஃபனெஸின் நாடகத்தில் அடி வாங்கிய அப்பா மகனை இந்தச் சொல்லால் ஏசுகிறார். பொதுவான வசையாகவே ஆகிவிட்டது.

இதன் பின்னணி தமிழ் விவிலிய வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரியும், கவனித்திருக்க மாட்டார்கள். மத்தேயு 6:19இல் பூச்சியும் துருவும் கெடுக்கிற இடத்தில் திருடர்கள் ‘கன்னமிட்டுத் திருடுவார்கள்’ என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘தியோருஸ்ஸூசின்’, சுவரை ஊடறுத்துத் தோண்டுகிறார்கள். பல ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ‘உடைத்து நுழைந்து’ என்று மொட்டையாக இருக்கும். சுவரில் இடும் ஓட்டைக்குக் கன்னம் என்றும் அதற்கான கருவிக்குக் கன்னக்கோல் என்றும் தனிச்சொல் வைத்திருக்கும் தமிழில், மூலத்தின் செயல் அச்சாக வந்து விழுந்திருக்கிறது. மண்சுவர் வீடும் அதற்கேற்ற திருடனும் இரண்டு இடத்திலும் இருந்ததால் கிடைத்த லாபம்.

‘கதா’ என்றால் கீழே. ‘கதோருஸ்ஸோ’ என்றால் புதை. சோஃபோக்ளெஸின் நாடகத்தில் அன்டிகொனேயை உயிரோடு அடைக்கும் பாறைக்குழி இந்தச் சொல்லிலிருந்து வந்த ‘கதோருக்ஸ்’.

‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘எக்ஸோருஸ்ஸோ’, தோண்டி வெளியே எடு. கலாத்தியர் 4:15இல் ‘உங்கள் கண்களைப் பிடுங்கி’ என்று வருவது இது. மாற்கு 2:4இல் திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு இறக்குவதற்காகக் கூரையைப் பிரித்த நால்வர் செய்ததும் இதே வினை. கூரையைத் ‘தோண்டுவது’ விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஊர்க் கூரை, உத்தரத்தின் மேல் நாணலும் கிளையும் பரப்பி மேலே மண் பூசிய மட்டமான மாடி. அதைத் திறக்க வேண்டுமானால் தோண்டத்தான் வேண்டும். அதே காட்சியை எழுதும் லூக்கா ஓடுகளைச் சொல்கிறார். அவர் மனக்கண்ணில் இருந்தது வேறு மாதிரி வீடு.

எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்கு வந்த பழைய ஏற்பாட்டில் இந்த வினை ஒரு பெரிய வழக்கையே கிளப்பிவிட்டது. சங்கீதம் 22:16இல் ‘என் கைகளையும் என் கால்களையும்’ என்பதற்குப் பிறகு கிரேக்கத்தில் ‘ஓருக்ஸன்’, தோண்டினார்கள். தமிழில் ‘உருவக் குத்தினார்கள்’. ஆனால் மரபான எபிரேயப் பிரதி அந்த இடத்தில் ‘சிங்கத்தைப் போல’ என்று படிக்கிறது. இரண்டு வாசிப்புக்கும் நடுவில் நிற்பது கிட்டத்தட்ட ஓர் எழுத்தின் வால் நீளம். இதன் மேல் யூதர்களும் கிறிஸ்தவர்களும் பல நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். அதற்குள் நாம் போக வேண்டாம்.

ஐந்தாவது படி: அக்கம்பக்கத்துச் சொல்லோடு உரசிப் பார்ப்பது

ஒரு சொல்லின் எல்லை, பக்கத்து வீட்டுச் சொல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால்தான் தெரியும். ‘ஒருஸ்ஸோ’வின் பக்கத்து வீட்டுக்காரர் ‘ஸ்காப்தோ’. இதுவும் தோண்டுவதுதான், ஆனால் தோட்டக்காரனின் தோண்டல்: மண்ணைக் கொத்துவது, கிளறுவது. லூக்கா 16இல் வேலை போகப்போகிற கணக்கன் ‘கொத்த எனக்குத் தெம்பில்லை, பிச்சை எடுக்க வெட்கமாக இருக்கிறது’ என்ற அர்த்தத்தில் புலம்பும்போது ‘ஸ்காப்தோ’வைத்தான் பயன்படுத்துகிறான். அவன் பயப்படுவது கூலிக்கு மண் கொத்தும் வேலைக்கு. நமக்கும் தோட்டத்தைக் கொத்துவது வேறு, கிணறு வெட்டுவது வேறு.

இன்றைய கிரேக்கத்தில் இந்தப் பங்கீடு சுவாரசியமாக மாறியிருக்கிறது. தினப்பேச்சில் தோண்டுவதற்கு ‘ஸ்காவோ’. தொல்லியல் அகழாய்வு ‘அனஸ்காஃபி’. ‘ஒருஸ்ஸோ’ குடும்பமோ சுரங்கத்துக்குப் போய்விட்டது.

ஆறாவது படி: வேருக்கு இறங்குவது

இதுவரை எல்லாம் கிரேக்கத்துக்குள். இனி அதற்கும் கீழே. இங்கே மூன்று பெரிய சொற்பிறப்பு அகராதிகள் உதவும்: ஃப்ரிஸ்க் ஜெர்மனில் தொகுத்தது, ஷாந்த்ரைன் பிரெஞ்சில் தொகுத்தது, பேகெஸ் ஆங்கிலத்தில் 2010இல் வெளியிட்டது. ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். இவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடும் இடங்கள்தான் நமக்குப் பாடம்.

‘ஒருஸ்ஸோ’வுக்கு உறவாகப் பொதுவாகக் காட்டப்படுபவை: லத்தீனில் ‘ருங்கோ’, களை பறிக்கிறேன். சமஸ்கிருதத்தில் ‘லுஞ்சதி’, பிடுங்குகிறான். லாட்வியனில் மண்ணைக் கிளறுவதற்கான ஒரு வினை. ஒலியில் ஒரு நெருடல் உண்டு: லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் தெளிவான ககர வேர், கிரேக்கத்தில் மூச்சு கலந்த ககரமும் மெலிந்த ககரமும் மாறி மாறி வருகின்றன. அதனால் அறிஞர்கள் உறவை ஏற்றாலும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் ஏற்கிறார்கள்.

பொருளைப் பற்றியும் ஒரு கேள்வி வரும். தோண்டுவது எங்கே, களை எடுப்பது எங்கே, பிடுங்குவது எங்கே? வேறு மொழிக்காரர்கள் இதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டியிருக்கும். நமக்கு ‘பறி’ என்ற ஒரே வினை போதும். குழி பறிக்கிறோம்; அது கிரேக்கம். களை பறிக்கிறோம், அது லத்தீன். மயிரைப் பறிக்கிறோம், அது சமஸ்கிருதம். சமணத் துறவிகள் தலைமயிரைக் கையாலேயே பிடுங்கி எடுக்கும் நோன்புக்குக் ‘கேசலுஞ்சனம்’ என்று பெயர். இந்த ‘லுஞ்சனம்’ அந்த ‘லுஞ்சதி’யின் பிள்ளை. பக்தி இலக்கியத்தில் அவர்களைப் ‘பறிதலையர்’ என்று கேலி செய்தவர்கள், அந்த வேருக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடையாது என்பதை அறிந்திருக்க நியாயமில்லை. ‘பறி’ திராவிடச் சொல். அதற்கும் கிரேக்கத்துக்கும் உறவு இல்லை. ஆனால் மண்ணுக்குள் இருப்பதை வெளியே இழுக்கும் செயலையும், இழுத்த இடத்தில் விழும் பள்ளத்தையும் ஒரே சொல்லில் பார்க்க மனித மனத்துக்கு முடியும் என்பதற்கு அது சாட்சி. இப்போது ஹோமரின் மோலிச் செடிக்குத் திரும்பிப் பாருங்கள்; குழியும் செடியும் ஏன் ஒரே வினையில் அடங்கின என்பது புரியும்.

இன்னொரு கேள்வி மிச்சம். லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் இல்லாத ‘ஒ’ கிரேக்கத்தில் எப்படி முன்னால் வந்தது? தமிழ்க்காரருக்கு உடனே ஒரு பதில் தோன்றும்: ரகரத்தில் சொல் தொடங்காது, அதனால் ராமன் இராமனானதுபோல, ரோமம் உரோமமானதுபோல ஓர் உயிரைச் சேர்த்திருப்பார்கள். பார்வைக்கு அச்சு அசலாக அதுதான். ஒரு காலத்தில் மேற்கத்திய அறிஞர்களும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார்கள். பிறகு கருத்து மாறியது. இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூலமொழியில் ரகரத்துக்கு முன்னால் தொண்டையில் பிறந்த ஒரு மெய் இருந்தது, லத்தீன், சமஸ்கிருதம் போன்ற கிளைகளில் அது மறைந்தது, கிரேக்கத்தில் உயிராகத் தங்கியது என்பது இன்றைய விளக்கம். 1879இல் சொசூர் என்ற மொழியியலாளர் வெறும் கணக்கு போட்டு இப்படிச் சில மறைந்த ஒலிகள் இருந்தாக வேண்டும் என்றார். பின்னால், இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய ஹிட்டைட் என்ற பழைய மொழியின் களிமண் பலகைகளைப் படித்தபோது, அவற்றில் சில ஒலிகள் எழுத்திலேயே கிடைத்தன. நாம் ‘இராமன்’ என்று உயிரைப் புதிதாகச் சேர்த்தோம். கிரேக்கர்கள் பழைய மெய்யின் எச்சத்தை வைத்திருந்தார்கள். விளைவு ஒன்று, காரணம் வேறு.

ஏழாவது படி: பொறிகளில் சிக்காமல் இருப்பது

அரிசி ஞாபகம் வந்திருக்குமே? ‘ஒருஸ்ஸோ’ என்று படித்ததுமே தமிழ் வாசகரில் பாதிப் பேருக்கு நெல்லின் அறிவியல் பெயரான ஒரைசா நினைவுக்கு வந்திருக்கும். கிரேக்கத்தில் அது ‘ஒருசா’. மண்ணைக் கிளறி நடுவதால் அந்தப் பெயர் என்று யாராவது கதை கட்டினால் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இல்லை. நெல் கிரேக்கத்துக்குக் கிழக்கிலிருந்து போன பொருள்; பெயரும் பொருளோடு போன இரவல் பெயர். நம்மில் பலர் அது ‘அரிசி’யிலிருந்து போனது என்று மேடையில் அடித்துச் சொல்வோம். சொற்பிறப்பு அறிஞர்கள் பெரும்பாலும் ஈரானிய மொழி ஒன்றின் வழியாகப் போனதாகவும், சமஸ்கிருத ‘வ்ரீஹி’க்கு உறவானதாகவும் காட்டுகிறார்கள். எது சரியானாலும் ‘தோண்டு’ அதில் இல்லை. பழக வேண்டிய விதி இதுதான்: இரவல் சொல்லுக்கு உள்ளூர் வேர் தேடாதீர்கள். ஒலி ஒத்திருப்பது விசாரணையைத் தொடங்கக் காரணம். தீர்ப்பு எழுத அது போதாது.

இரண்டாவது பொறி கொஞ்சம் நுட்பமானது. கிரேக்கத்தில் ‘ஒருக்ஸ்’ என்றால் கூரான குத்துக்கோடரி. அதே பெயர் வட ஆப்பிரிக்காவின் கொம்புள்ள மான் ஒன்றுக்கும் உண்டு. அரிஸ்டாட்டில் அதற்கு ஒற்றைக் கொம்பு என்றே எழுதிவிட்டார். கத்தாரின் தேசிய விலங்கான ஓரிக்ஸ் இந்தப் பெயர் தாங்கியது. நீண்டு கூர்ந்த கொம்பு குத்துக்கோடரி போல இருப்பதால் இந்தப் பெயர் என்பது வழக்கமான விளக்கம். நம்பத் தோன்றுகிறது. ஆனால் வேறு நாட்டு விலங்கின் வேற்றுமொழிப் பெயரைக் கேட்ட கிரேக்கர்கள், தங்களுக்குத் தெரிந்த கோடரியின் பெயர்போலத் திருத்திக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஹெரோடோட்டஸ் ‘ஒருஸ்’ என்று வேறு வடிவத்தில் எழுதியிருப்பது இந்தச் சந்தேகத்துக்கு இடம் தருகிறது. என் கட்சி சந்தேகத்தின் பக்கம்.

எட்டாவது படி: சொல் இன்று எங்கே வேலை செய்கிறது என்று பார்ப்பது

இன்றைய கிரேக்கத்தில் சுரங்கம் ‘ஒரிஹீயோ’, கனிமம் ‘ஒரிக்தோ’, கால்வாய் ‘தியோரிகா’. சூயஸும் தியோரிகா, கொரிந்தும் தியோரிகா. கொரிந்து பூசந்தியை வெட்ட கி.பி. 67இல் நீரோ மன்னன் தானே முதல் மண்ணைக் கொத்திக் கூடையில் போட்டுத் தோளில் சுமந்தான் என்கிறார் ரோம எழுத்தாளர் சுவெட்டோனியஸ். வேலை அப்போது முடியவில்லை. 1893இல்தான் கப்பல் போயிற்று. தரவுச் சுரங்கம் என்று நாம் சொல்லும் கணினித் துறைக்குக் கிரேக்கர்கள் வைத்திருக்கும் பெயரிலும் ‘எக்ஸோரிக்சி’ இருக்கிறது. கண்ணைப் பிடுங்கிய அதே எக்ஸ்.

அறிவியல் பெயர்களில் கூட்டம் அதிகம். அரிஸ்டாட்டில் பூமியிலிருந்து கிடைப்பவற்றை ‘ஒருக்தா’, உலோகங்கள் என்று இரண்டாகப் பிரித்தார். அதை வைத்து 18ஆம் நூற்றாண்டில் புதைபடிவ ஆய்வுக்கு ‘ஒரிக்டாலஜி’ என்று பெயர் நடமாடியது. பிறகு, அதே ‘தோண்டு’ பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த ‘ஃபாஸில்’ வென்றுவிட்டது. ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் விலங்கு ஒரிக்டெரோபஸ், தோண்டு பாதம். அமெரிக்காவின் மொன்டானாவில் தன் வளைக்குள்ளேயே இரண்டு குட்டிகளோடு கிடைத்த டைனோசருக்கு 2007இல் ஒரிக்டோட்ரோமியஸ் என்று பெயரிட்டார்கள். ஐரோப்பிய முயல் ஒரிக்டோலாகஸ், தோண்டும் முயல். முன்னே சொன்ன அகராதிக்கார லிடெலின் மகள்தான் முயல் வளைக்குள் விழும் கதையில் வரும் ஆலிஸுக்குப் பெயர் தந்த சிறுமி. அப்பா அகராதியில் தோண்டிய வேர், மகளின் கதையில் முயலாக ஓடியிருக்கிறது.

கடைசியாக நம் தென்னந்தோப்பு. காண்டாமிருக வண்டின் அறிவியல் பெயர் ஒரிக்டெஸ் ரைனோசெரஸ். ‘ஒருக்தேஸ்’ என்றால் தோண்டுபவன். எருக்குழியில் வெள்ளைப் புழுவாகக் கொழுத்து, வண்டானதும் இரவில் பறந்துபோய் விரியாத குருத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போகும். சில வாரம் கழித்து மட்டை விரியும்போது, கத்தரியால் வெட்டினதுபோல ஓலை முக்கோணம் முக்கோணமாகப் போயிருக்கும். அப்போதுதான் தோட்டக்காரருக்கே தெரியும். மரமேறுபவர் முனையில் கொக்கி வைத்த நீண்ட கம்பியை எடுத்துக்கொண்டு மேலே போவார். நார் நாராகச் சக்கை தள்ளியிருக்கும் ஓட்டையைப் பார்த்துக் கம்பியை உள்ளே விட்டு, ஒரு திருகு திருகி, கொக்கியில் மாட்டிய வண்டை வெளியே இழுத்துக் கீழே போடுவார். அவர் செய்ததற்குக் கிரேக்கத்தில் சொல் கேட்டால் ‘எக்ஸோருஸ்ஸோ’தான்.